மண்வள அட்டையில் இருப்பது யாருடைய மண்?

தர்மபுரி மாவட்டத்துப் பாலக்கோடு பக்கம் அடுத்தடுத்த கொல்லைக்காரர்கள் இருவர் தங்கள் பழைய மண்வள அட்டைகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தால், எண்கள் அச்சு அசலாக ஒன்றாகவே இருக்கலாம். அது அச்சுப் பிழை இல்லை. திட்டம் தொடங்கிய விதம் அப்படி.

விவசாயியின் மண்ணைப் பரிசோதித்து, உரப் பரிந்துரையோடு அட்டையாகக் கொடுப்பதற்காக மத்திய அரசு 2015 பிப்ரவரி 19 அன்று தொடங்கிய திட்டம் இது. விளைநிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்தார்கள். பாசன நிலமானால் 2.5 ஹெக்டேருக்கு ஒரு மண் மாதிரி, மானாவாரியானால் 10 ஹெக்டேருக்கு ஒன்று. 10 ஹெக்டேர் என்பது ஏறக்குறைய 25 ஏக்கர். பென்னாகரத்திலோ தேன்கனிக்கோட்டையிலோ ராகியும் சாமையும் விதைக்கிறவர்களில் பலருக்கு இருப்பதே ரெண்டு, மூன்று ஏக்கர். ஆக, ஒருவர் கொல்லையில் எடுத்த மண் எட்டுப் பத்துக் குடும்பங்களுக்கு அட்டையாகிவிடும். மேட்டில் சரளை, பள்ளத்தில் களி என்று ஒரே கொல்லைக்குள் மண் மாறுகிற ஊர் நம்முடையது. இது சின்ன விஷயமில்லை.

அட்டையில் பன்னிரண்டு அளவுகள் இருக்கும்: கார அமில நிலை, மின்கடத்துத் திறன், அங்ககக் கரிமம், தழை (நைட்ரஜன்), மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்) சத்துகள், கந்தகம், அப்புறம் துத்தநாகம் முதலான ஐந்து நுண்ணூட்டங்கள். எல்லோரும் நேராக உரப் பரிந்துரைக்குப் போய்விடுகிறோம். அதற்கு முன் மேலே அச்சிட்டிருக்கும் சர்வே எண்ணையும் அட்சரேகை, தீர்க்கரேகையையும் பாருங்கள். அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கைபேசி வரைபடத்தில் போட்டால், மண் தோண்டிய இடத்தில் புள்ளி விழும். அது உங்கள் வரப்புக்குள் விழுகிறதா? இல்லையென்றால் தனியாக ஒரு பரிசோதனை உங்களுக்குத் தேவை.

சரி, இப்போதுதான் கையடக்கக் கருவிகள் வந்துவிட்டனவே, வைத்த உடனே சொல்லாதா என்று கேட்கிறார்கள். அப்படி வந்திருக்கும் அகச்சிவப்பு ஒளிக்கருவி சத்தை நேராக அளப்பதில்லை. மண்ணில் பட்டுத் திரும்பும் ஒளியைப் பதிவு செய்கிறது. ஆய்வகத்திலும் கருவியிலும் பார்த்த பழைய மண் மாதிரிகளோடு அதை ஒப்பிட்டு, கணினிக் கணக்கு ஒன்று விடையை ஊகிக்கிறது. டெல்டாக் களிமண்ணை மட்டும் படித்த கணக்கு, நம் செம்மண்ணைப் பார்த்தால் தடுமாறும். மண்ணில் ஈரம் இருந்தாலும் அளவு மாறும். களியின் அளவு, அங்ககக் கரிமம் ஆகியவற்றை ஓரளவு நன்றாகவே சொல்லும். பயிருக்குக் கிடைக்கும் மணிச்சத்து, சாம்பல் சத்தில் அவ்வளவு நம்பிக்கை வைக்க முடியாது. உரம் வாங்க வேண்டியது அந்த எண்களை வைத்துத்தானே.

மண் வரைபடங்களும் இப்படித்தான். தோண்டிய இடங்களின் அளவோடு நிலத்தின் ஏற்ற இறக்கம், மழை, செயற்கைக்கோள் படம் எல்லாவற்றையும் சேர்த்து, தோண்டாத இடத்தை மதிப்பிடுகிறார்கள். எந்தப் பகுதியில் அதிகம் தோண்ட வேண்டும் என்று முடிவெடுக்க அது அருமையான உதவி. உங்கள் கொல்லைக்கு உரக்கணக்குப் போட, உங்கள் மண்தான் வேண்டும்.

அதை எடுப்பது அரை நாள் வேலை. வரப்போரம், எருக்குழி, மர நிழல் வேண்டாம். மேட்டு மண்ணையும் பள்ளத்து மண்ணையும் கலக்காதீர்கள், தனித்தனி மாதிரி. மேல் குப்பையை ஒதுக்கி, அரை அடி ஆழத்துக்கு 'வி' வடிவில் வெட்டி, அந்தச் சரிவில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் மண்ணைச் சுரண்டுங்கள். நுண்ணூட்டமும் பார்ப்பதால், மண்வெட்டி பட்ட பக்கத்தை மூங்கில் சில்லால் வழித்துவிட்டுச் சுரண்ட வேண்டும். பல இடத்து மண்ணைக் கலந்து வட்டமாகப் பரப்பி நான்காக வகிர்ந்து, எதிரெதிர் இரண்டு பாகத்தைத் தள்ளுங்கள். அரைக்கிலோ மிஞ்சும்வரை திரும்பச் செய்து, நிழலில் உலர்த்துங்கள். உரச்சாக்கில் மட்டும் கட்டாதீர்கள், முடிவே மாறிவிடும்.

மாந்தோப்புக்காரர்களுக்கு அரை அடி போதாது. ஒன்று, இரண்டு, மூன்று அடி ஆழங்களில் தனித்தனியே எடுக்க வேண்டும். பெயர், சர்வே எண், முன்பு வைத்த பயிர், அடுத்து வைக்கப்போகும் பயிர் எல்லாம் எழுதி, வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கொடுக்கலாம். பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலும் கேட்டுப் பார்க்கலாம். கொடுக்கும்போது பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.