முதல் நிரல்மொழி: தவறு செய்தால் என்ன சொல்கிறது?

முதலில் எந்த நிரல்மொழியைக் கற்றுக்கொடுக்கலாம் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் வேலைவாய்ப்பை மனத்தில் வைத்தே கேட்கிறார்கள். நிரலாக்கம் கற்பிக்கும் நான் முதலில் பார்ப்பது வேறு: மாணவர் தவறு செய்யும்போது அந்த மொழி அவரிடம் என்ன சொல்கிறது? தொடக்கத்தில் அவருடைய நேரத்தில் பெரும்பகுதி பிழைகளோடுதான் கழிகிறது.

ஐந்து மதிப்பெண்களைக் கூட்டும் சிறு நிரலை எடுத்துக்கொள்வோம். இடங்களுக்கான எண் பூஜ்யத்தில் தொடங்குவதால் கடைசி இடத்தின் எண் 4 என்பதை மறந்து, 5 வரை போய், இல்லாத ஆறாவது இடத்தையும் மாணவர் படித்துவிடுகிறார். வகுப்பில் அடிக்கடி காணும் தவறு இது. பைத்தான் மொழியில் நிரல் அங்கேயே நின்று, பட்டியலின் எல்லையைத் தாண்டிவிட்டதாக வரி எண்ணோடு சொல்லிவிடும். சி மொழி எல்லையைச் சோதிப்பதில்லை. நினைவகத்தில் அடுத்துக் கிடப்பதையும் சேர்த்துக் கூட்டி, சம்பந்தமில்லாத எண்ணை அச்சிடக்கூடும். அங்கே பூஜ்யம் இருந்துவிட்டால் விடை சரியாகவே வரும்! எனக்கு அதுதான் பெரிய கவலை. தவறான நிரலைச் சரியென்று நம்பி மாணவர் எழுந்து போய்விடுகிறார்.

சி மொழியைக் குறை சொல்வதில் பயனில்லை. 1970களின் தொடக்கத்தில் யுனிக்ஸ் இயக்குதளத்தை எழுதுவதற்காக டென்னிஸ் ரிச்சி வடித்தது அது; எழுதுபவர் விவரம் தெரிந்தவர் என்று நம்பும் மொழி. 1964இல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் கெமெனியும் கர்ட்ஸும் பேசிக் மொழியை உருவாக்கியபோதோ, கணினித் துறை சாராத மாணவர்களே அவர்கள் கண்முன் இருந்தார்கள். நிரலைத் துளையிட்ட அட்டைகளில் பதித்துக் கொடுத்துவிட்டு விடைக்குக் காத்திருக்க வேண்டிய காலத்தில், கணினியோடு இணைந்த தட்டச்சு முனையத்தின் முன் அமர்ந்தே விடையைப் பார்க்க முடிந்தது.

பைத்தானும் எல்லாப் பிழையையும் காட்டிக்கொடுக்காது. விசைப்பலகையில் 5, 7 என உள்ளிட்டுக் கூட்டச் சொன்னால், அவற்றை எழுத்துகளாகவே எடுத்துக்கொண்டு 57 என்று காட்டும். கூட்டுத்தொகையை ஒரு மாறியில் (மதிப்பைச் சேமிக்கும் பெயரிட்ட இடத்தில்) சேமிக்கும்போது, சமக்குறிக்கு இடப்புறம் உள்ள அதன் பெயரில் ஓர் எழுத்து பிசகினால், புதிதாக ஒரு மாறியை உருவாக்கிக்கொண்டு பேசாமல் மேலே போய்விடும். ஜாவா மொழியில் அந்த நிரல் ஓடவே ஓடாது. ஆனாலும் தொடக்கநிலைக்குப் பைத்தானையே பரிந்துரைக்கிறேன். இந்த இரண்டு பிழைகளையும் ஆசிரியர் முதல் வாரமே வகுப்பில் செய்துகாட்ட வேண்டும். சிறு குழந்தைகளுக்கு, கட்டளைத் துண்டுகளை இழுத்துக் கோத்து நிரல் அமைக்கும் ஸ்கிராட்ச் மொழி போதும். அதில் பொருந்தாத கட்டளைத் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாது.

பாடத்திட்டம் சி மொழியைத்தான் கேட்கிறது என்றால், கம்பைலரின் (நிரலைக் கணினி இயக்கும் வடிவத்துக்கு மாற்றும் மென்பொருளின்) எச்சரிக்கைகளை முதல் நாளே இயக்கிவையுங்கள். ஜிசிசி, கிளாங் என்ற இரண்டு சி கம்பைலர்களிலும் அட்ரஸ் சானிடைசர் என்ற சோதனை வசதி உண்டு. அதை இயக்கி, பிழை தேட உதவும் டீபக் தகவலையும் சேர்த்து நிரலைக் கம்பைல் செய்தால், இத்தகைய எல்லைமீறல் எந்த வரியில் நடந்தது என்பதை மாணவரே திரையில் படித்துக்கொள்ளலாம்.