புரெவி ஏன் பிசுபிசுத்தது?

2020 டிசம்பர் தொடக்கம். நிவர் புயல் கரை கடந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது, அதற்குள் அடுத்த புயல், புரெவி. ராமநாதபுரம், தூத்துக்குடி, கன்னியாகுமரி உட்பட 6 தென்மாவட்டங்களுக்கு 4ஆம் தேதி பொது விடுமுறை விட்டார்கள். திருவனந்தபுரம் விமான நிலையத்தைக்கூட அன்று பகலில் மூடினார்கள். தென்கோடி வீடுகளில் குடங்களில் தண்ணீர் பிடித்தாயிற்று, போன்களுக்குச் சார்ஜ் ஏற்றியாயிற்று, மாடித் தகரத்தைக் கயிறு போட்டுக் கட்டியாயிற்று. காற்றுக்கு முதலில் ஒடிவது முருங்கைதான். பல வீடுகளில் அதுகூட அசையாமல் நின்றது. 'இதுக்கா இவ்வளவு?' என்ற கேள்வி வரத்தானே செய்யும்?

புயலுக்கு எரிபொருள் கடலின் வெப்பம். ஏறக்குறைய 26.5 டிகிரிக்கு மேல் சூடான கடலிலிருந்து நீராவி எழும்பி, மேலே குளிர்ந்து மழைத்துளியாகும்போது, தன்னுள் வைத்திருந்த வெப்பத்தை வெளியே விடுகிறது. அந்த வெப்பம் புயலின் மையத்துக்கு மேல் சேரச் சேர, கீழே காற்றழுத்தம் குறைகிறது. சுற்றிலும் உள்ள காற்று அங்கே பாய்ந்து சுழல்கிறது.

புரெவி 2ஆம் தேதி இரவு திருகோணமலைக்கு வடக்கே கரையேறி, வட இலங்கையைக் கடந்து, மறுநாள் மன்னார் வளைகுடாவில் இறங்கியது. தரைக்கு மேல் நீராவி வரத்து குறையும். மரமும் கட்டடமும் காற்றை உரசித் தடுக்கும். சரி, மறுபடி கடல் கிடைத்ததே, தேறியிருக்கலாமே? ஆனால் அந்த வளைகுடா சின்னது. ஒரு பக்கம் இலங்கை, மறுபக்கம் தமிழகம். சுழலும் காற்றில் பெரும்பகுதி நிலத்தின் மேலேயே உரசிக்கொண்டிருந்தது.

போதாததற்கு மேலடுக்குக் காற்று. தரையருகே ஒரு திசையிலும் உயரத்தில் வேறு திசையிலும் காற்று வீசினால், மேகக்கூட்டம் மையத்தை விட்டுத் தள்ளிப்போகும். காற்றடிக்கும் திண்ணையில் மூட்டிய விறகடுப்பு மாதிரிதான்: தீ எரியும், சூடு பானையில் சேராது.

3ஆம் தேதியே புரெவி ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகிவிட்டது. நம் வானிலைத் துறைக் கணக்கில் காற்றின் வேகம் மணிக்கு 62 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கினால் அது புயல் அல்ல. இறக்கம் எண்ணில் தெரிவதைவிடப் பெரியது. காற்றின் வேகம் பாதியானால், அது சுவரையும் மரத்தையும் தள்ளும் விசை கால்வாசியாகிவிடும்.

ஆனால் 'வலுவிழந்தது' என்று செய்தியில் சொல்வது காற்றை மட்டும்தான். மழைக்கு அந்தக் கணக்கு செல்லாது. புயலை நகர்த்துவது அதைச் சுற்றியுள்ள பெரிய காற்றோட்டங்கள். அவை ஒன்றையொன்று ஈடுகட்டிவிட்டால் புயல் நின்ற இடத்திலேயே நிற்கும். புரெவியின் மிச்சம் அப்படித்தான் ராமநாதபுரம் கடலோரத்தில் நங்கூரமிட்டது. மையம் அங்கே, விலகிப்போன மேகங்களோ 200 கிலோமீட்டருக்கும் அப்பால், வங்கக்கடல் ஈரத்தை இழுத்துக் கொட்டின. கொள்ளிடத்திலும் சிதம்பரத்திலும் ஒரே நாளில் 30 சென்டிமீட்டருக்கு மேல் மழை. தெற்கே கட்டிய தகரத்தை அவிழ்த்துக்கொண்டிருந்த நேரத்தில், சிதம்பரம் நடராஜர் கோயிலுக்குள் தண்ணீர் நின்றது.