பாட்டும் ஒரு காணி உறுதிதான்

கனடாவின் ஸ்காபரோவில் குடியுரிமைப் பரீட்சைக்கு எங்கள் ஆட்களைத் தயார்படுத்துவது என் வேலை. பூர்வகுடிகள் பற்றிய பாடம் வந்தால் யாராவது கட்டாயம் கேட்பார்கள்: "அவையளும் எங்களைப் போல ஒரு சமூகம்தானே, பிறகேன் தனி உரிமை? வரியும் கட்டுறேல்லையாம்."

வரிக் கதை பெரும்பாலும் பிழை. இந்தியர் சட்டத்தின்கீழ் (இங்கே 'இந்தியர்' என்பது பூர்வகுடிகளை) பதிவுபெற்றவர்களுக்கு, ரிசர்வ் எனப்படும், அவர்களுக்கென ஒதுக்கிய நிலத்தோடு தொடர்புள்ள வருமானத்துக்கும் அங்குள்ள உடைமைக்கும்தான் விலக்கு. மற்றப் பூர்வகுடிகளான இனுயிட், மெற்றி மக்களுக்கு அதுவும் இல்லை.

மற்றக் கேள்விக்குத்தான் நேரம் எடுக்கும். 1971இல் வந்த பன்முகப் பண்பாட்டுக் கொள்கையால் எங்களுக்கு நன்மைதான். பொங்கல், மரபுத் திங்கள், தமிழ் வகுப்பு எல்லாம் அந்தக் காற்றில் வளர்ந்தவை. ஆனால் அது பூர்வகுடிகளையும் எங்கள் வரிசையிலேயே நிறுத்திவிடுகிறது. நாங்கள் கேட்பது பண்பாட்டுக்கு இடம். அவர்கள் பேசுவது காணியையும் ஒப்பந்தத்தையும் பற்றி. 2021 முதல் குடியுரிமைச் சத்தியப்பிரமாணத்திலேயே அவர்களுடைய ஒப்பந்த உரிமைகள் இருக்கின்றன.

காணி என்றால் எங்கள் ஆட்களுக்கு உடனே விளங்கும். ரொறன்ரோ நிலத்தை 1787இல் மிசிசாகா மக்களிடம் வாங்கியதாக பிரிட்டிஷார் சொன்னார்கள். பிறகு பார்த்தால் உறுதி எதுவும் எழுதாத வெற்றுத் தாள். தலைவர்கள் கையொப்பமாக இட்ட குலக்குறிகள் தனித் துண்டுகளில் இருந்தன. 1805இல் 10 ஷில்லிங் கொடுத்துச் சரிக்கட்டினார்கள். 14.5 கோடி டொலர் இழப்பீடு கிடைத்தது 2010இல்!

இனி மறுபக்கம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் கிட்சான், வெட்சுவெட்டென் என்ற பூர்வகுடி மக்கள் சுமார் 58,000 சதுர கிலோமீட்டர் நிலத்துக்கு உரிமை கோரி வழக்காடினார்கள். மேரி ஜோன்சன் என்ற முதியவர் தம் குலப் பாட்டை மன்றில் பாட வந்தார். பாட்டு என் காதில் ஏறாது, பாடிப் பயனில்லை என்ற மாதிரித் தடுத்துப் பார்த்தார் நீதிபதி. அம்மா பாடித்தான் விட்டார். அந்தப் பாட்டுத்தான் அவர்களுக்கு உறுதி. பண்பாட்டு விழா மேடையென்றால் கைதட்டியிருப்பார்கள். அந்த மக்களோடு வாழ்ந்து ஆய்வு செய்த மானிடவியலாளர்களின் சாட்சியமும் எடுபடவில்லை. பக்கச்சார்பு என்று 1991 தீர்ப்பு ஒதுக்கியது.

1997இல் உச்சநீதிமன்றம் அதை மாற்றி, வாய்மொழி வரலாற்றையும் ஆவணங்களுக்குச் சமமாக எடைபோட வேண்டும் என்றது. மறுவிசாரணைக்கும் உத்தரவிட்டது. அது நடக்கவேயில்லை. நில உரிமை தீராமலே கிடக்க, வெட்சுவெட்டென் நிலத்தினூடாக எரிவாயுக் குழாய் வந்தது. 2020 பெப்ரவரியில் அதை எதிர்த்த வெட்சுவெட்டென் தலைவர்களுக்கு ஆதரவாக, இந்தப் பக்கத்து இன்னொரு பூர்வகுடியினரான மொஹாக் மக்கள் தண்டவாளத்தருகே கூடாரம் போட, ரொறன்ரோ–மொன்றியல் ரயில்கள் வாரக்கணக்கில் நின்றன. "இவைக்கு என்ன பிரச்சினை?" என்று அப்போது கேட்டவர்களில் எங்கள் ஆட்களும் நிறையப் பேர்.