பாடும் பாறையை வீட்டுக்குக் கொண்டுபோனால் ஊமையாகிவிடுமா?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பக்ஸ் கவுண்டியில் ரிங்கிங் ராக்ஸ் என்றொரு பூங்கா உண்டு. காட்டுக்கு நடுவே சுமார் ஏழு ஏக்கருக்கு வெறும் பாறாங்கற்கள். சுத்தியலால் தட்டினால் ஒரு கல் கோயில் மணிபோல் கணீரென்கிறது. பக்கத்துக் கல் ‘டொக்’கென்று அடங்கிவிடுகிறது. நன்றாக ஒலிப்பவை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான்.

விண்கல் விழுந்த இடம் என்பார்கள். ஆனால் இவை சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தடியில் பாறைக் குழம்பு இறுகி உண்டான டயபேஸ் பாறை. பனியுகக் குளிரில் வெடித்துச் சிதறியவை. விலங்குகள் அண்டாது என்பதிலும் மர்மமில்லை. இரையும் நிழலும் இல்லாத இடத்தில் அவற்றுக்கு என்ன வேலை?

கல்லைத் தனியே எடுத்துப்போனால் சத்தம் போய்விடும் என்பதுதான் சுவையான கதை. 1890இல் ஜே. ஜே. ஓட் என்பவர் இங்கிருந்து பொறுக்கிய கற்களை வைத்துக் கச்சேரியே நடத்திவிட்டார். ஆனாலும் கதை பிழைத்திருக்கக் காரணம் உண்டு. குவியலில் ஒவ்வொரு கல்லும் இரண்டு மூன்று முனைகளில் மட்டும் தொட்டு நிற்கிறது. இடையில் மண் இல்லை. வீட்டுத் தோட்டத்து மண்ணில் கிடத்தினால் அதிர்வை மண் குடித்துவிடும்.

நீங்களே பார்க்கலாம். விரிசலில்லாத, 50 செ.மீ. நீளமும் 5 செ.மீ. தடிமனும் உள்ள கருங்கல் பட்டையை எடுங்கள். இரு முனைகளிலிருந்தும் 11 செ.மீ. தள்ளி, சுருட்டிய துணிமேல் வையுங்கள். வளைந்து அதிரும்போது அசையாத கணுக்கள் அவைதாம். சிறிய இரும்புச் சுத்தியலால் நடுவிலோ நுனியிலோ தட்டுங்கள். கணுவிலேயே தட்டினால் நாதம் எழாது. டயபேஸ் பட்டையானால் சுருதி ஏறக்குறைய 1,100 ஹெர்ட்ஸ். அதே தடிமனில் நீளத்தைப் பாதியாக்கினால் ஏறக்குறைய நான்கு மடங்கு உயரும். உள்ளே மயிரிழை விரிசல் இருந்தாலும் ஒலி கரகரக்கும். சிற்பிகள் தட்டிப் பார்த்துக் கல் தேர்வதும் இதற்காகத்தான்.

பாறைக்குள் அடைபட்ட இறுக்கமும் ஒலிக்குக் காரணம் என்ற கருத்தும் உண்டு. ஆனால் கெட்டியான, விரிசலற்ற கல்லும் சரியான தாங்கலும் இருந்தாலே நாதம் வந்துவிடுகிறது.

கர்நாடகத்தில் பெல்லாரி அருகே குப்கல் குன்றிலும் இதே இனப் பாறைதான். அங்கே அதை டோலரைட் என்பார்கள். சில கற்களில், தட்டினால் ஒலிக்கும் இடங்களில் வழவழப்பான குழிகள் தேய்ந்திருக்கின்றன. சுற்றிலும் புதிய கற்கால மக்கள் கொத்திய மாட்டு உருவங்கள். அந்தக் குன்றில் ஜல்லிக்காகக் கல் உடைப்பதாக 2004இல் ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள். உடைத்துவிட்டால் குழியும் போச்சு, நாதமும் போச்சு. அங்கே கல் உடைக்க விடவே கூடாது.