புரோவெனன்ஸ்: தமிழில் 'கைவழி'

மார்த்தாண்டத்தில் பழம்பொருள் சேர்க்கும் அண்ணாச்சி ஒருவர் போன மாதம் ஒரு லாக்கெட்டை என் உள்ளங்கையில் வைத்தார். புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரியது. முன்பக்கக் கண்ணாடிக்கு அடியில் செம்பட்டைத் தலைமுடி, பாய் முடைந்ததுபோல் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி ஒட்டியிருந்தது. பின்பக்கம் இரண்டு ஆங்கில எழுத்துகள், தேய்ந்துபோன ஓர் ஆண்டு.

"இது யாருக்க முடி அண்ணாச்சி?"

"யாருக்க முடின்னு பொறவு கேளு மக்கா. யாரு யாரு கை மாறி வந்ததுன்னு முதல்ல கேளு."

அவர் முதலில் கேட்கச் சொன்ன அந்தக் கேள்விக்குத்தான் சேகரிப்பாளர்கள் புரோவெனன்ஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். வேர் லத்தீனில் இருக்கிறது: 'ப்ரோ' என்றால் முன்னே, 'வெனீரே' என்றால் வருதல். முன்னே வருதல், ஓரிடத்திலிருந்து புறப்பட்டு வருதல். பிறகு கலைப்பொருள் வாங்கி விற்பவர்களிடம் இந்தச் சொல்லின் பொருள் விரிந்தது. ஒரு பொருள் தோன்றிய இடத்தோடு நிற்காமல், அன்றிலிருந்து இன்றுவரை அது யார் யாரிடம் இருந்தது, எப்படிக் கைமாறியது, அதற்கு என்ன சான்று என்பது எல்லாம் சேர்ந்ததே இன்று புரோவெனன்ஸ்.

தமிழில் இதை 'மூலம்', 'தோற்றுவாய்', 'பூர்வீகம்' என்றெல்லாம் எழுதுகிறார்கள். மூன்றும் எனக்குப் போதவில்லை. மூன்றுமே ஆரம்பப் புள்ளியைச் சொல்லிவிட்டு நின்றுவிடுகின்றன. காட்டியலில் தேக்கு விதை எந்தக் காட்டிலிருந்து வந்தது என்பதற்கும் இதே ஆங்கிலச் சொல்தான். அங்கே 'விதைமூலம்' என்றால் சரி. ஆனால் நகைக்கும் ஓவியத்துக்கும் முடிக்கும் அது பொருந்தாது.

எங்கள் குமரிப் பக்கம் இந்தக் கருத்து எவருக்கும் புதிதல்ல. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் பின் திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த மண் என்பதால், பத்திரத்தை 'ஆதாரம்' என்று சொல்லும் பழக்கம் பெரியவர்களிடம் இன்னும் இருக்கிறது. நிலம் வாங்கப் போனால் 'முன்னாதாரம் உண்டா?' என்று கேட்பார்கள். மற்ற தமிழ் மாவட்டங்களில் அதுவே தாய்ப்பத்திரம். விற்பவரிடம் யார் விற்றார், அவருக்கு யார் கொடுத்தார் என்று பின்னோக்கிப் போய்க்கொண்டே இருப்போம். நடுவில் ஒரு பத்திரம் இல்லையென்றால் முன்பணத்தைக் கொடுக்கக் கை வராது. நிலத்துக்குப் பார்க்கும் அதே கண்ணோடு பொருளையும் பார்ப்பதுதான் புரோவெனன்ஸ்.

இதற்கு நான் வைக்கும் சொல் 'கைவழி'. கை, வழி: கைகளின் வழியாக வந்த வரவு. புறநானூற்றில் 'கைவழி' யாழைக் குறிக்கிறது, பாணன் கையோடே இருக்கும் பொருள் என்பதால். அந்தப் பொருளில் இன்று யாரும் ஆள்வதில்லை. பழைய சொல்லைப் புதுப் பொருளுக்கு எடுத்துக்கொள்வதில் தவறில்லை என்றே நினைக்கிறேன். 'இந்த ஓலைச்சுவடியின் கைவழி என்ன?', 'கைவழி அறுந்த சிலை' என்று சொல்லிப் பாருங்கள், வாய்க்கு வருகிறது.

கைவழி அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மன் இசைமேதை பீத்தோவனின் முடியைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. அவர் 1827இல் இறந்தபோது பார்க்க வந்தவர்கள் முடியை வெட்டி எடுத்துப் போனார்கள். அவர்களில் 15 வயது இசை மாணவர் ஃபெர்டினாண்ட் ஹில்லரும் ஒருவர். 1883இல் அவர் தம் மகனுக்குக் கொடுத்ததாகச் சொல்லப்படும் கற்றை, 1943இல் டென்மார்க்கில் ஒரு மருத்துவர் கைக்கு வந்தது. நாஜிகளிடமிருந்து தப்பி ஓடிய யூதர்களுக்கு உதவியவர் அவர். நடுவில் பல ஆண்டுகளுக்கு அது யாரிடம் இருந்தது என்பதற்குத் தாள் இல்லை. 1994இல் லண்டன் ஏலத்தில் அது விலைபோனது. சோதித்தார்கள், ஈயம் மிகுந்திருந்தது. பீத்தோவனை ஈயம்தான் நோயாளியாக்கியது என்று உலகம் முழுக்கப் பேசினார்கள்.

2023இல் அவருடையதாகச் சொல்லப்பட்ட 8 கற்றைகளின் டிஎன்ஏவை ஆராய்ந்தார்கள். 5 கற்றைகள் ஒரே ஆளுடையவை, அவற்றில் சிலவற்றுக்குக் கைவழியும் அறுபடாமல் இருந்தது. ஹில்லர் கற்றை ஒரு பெண்ணுடைய முடி! அடுத்த ஆண்டே, உண்மையான கற்றைகளில் இரண்டை எடுத்துச் சோதித்தபோது அவற்றிலும் ஈயம் மிகுந்துதான் இருந்தது. ஆனால் சாவுக்கு அது மட்டுமே காரணமாகப் போதாது என்றார்கள் ஆய்வாளர்கள். விடை கிட்டத்தட்ட பழையதுதான் என்றாலும், யாருடைய முடி என்று தெரிந்து சொல்வது வேறு, தெரியாமல் சொல்வது வேறு.

டிஎன்ஏ இருக்கும்போது தாள் எதற்கு என்று கேட்கலாம். வெட்டிய முடியில் வேர் இல்லை, வேரில்லாத முடியில் டிஎன்ஏ சொற்பம், அதுவும் சிதைந்தே கிடக்கும். பீத்தோவனின் ஒரு கற்றையிலிருந்து மரபணுத் தொகுதியைப் படிக்க ஏறக்குறைய 3 மீட்டர் நீள முடியைச் செலவழிக்க வேண்டியிருந்தது. லாக்கெட்டில் இருக்கும் விரற்கடை முடிக்கு அந்த வழி கிடையாது. தாளும் கையெழுத்தும் சாட்சியும்தான் துணை.

அண்ணாச்சியின் லாக்கெட்டுக்கு வருவோம். இறந்தவர் முடியை நகையில் வைத்து அணியும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பெரிதாகப் பரவியிருந்தது. 1861இல் கணவர் ஆல்பர்ட்டை இழந்த விக்டோரியா அரசியும் அப்படி அணிந்தவர். (லாக்கெட் என்ற சொல்லுக்கும் முடிக்கற்றையைக் குறிக்கும் 'லாக்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் உறவில்லை. தாழ்ப்பாளைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது அது.) விற்றவர் 'பத்மநாபபுரம் அரண்மனைச் சாமான்' என்றாராம். இந்தப் பக்கம் பழசு எது கிடைத்தாலும் அரண்மனையில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள். அண்ணாச்சி அதை ஏற்கவில்லை. கண்ணாடியைத் திறக்கவும் இல்லை. நோட்டில் வாங்கிய தேதி, இடம், விற்றவர் சொன்னது என்று எழுதி, அடியில் 'முன்னாதாரம் இல்லை' என்று முடித்திருந்தார்.

நம்மிடம் முடியை நினைவாக வைக்கும் வழக்கம் குறைவு. நேர்ச்சைக்குக் கொடுப்போம், சீப்பில் வந்ததைச் சுருட்டி எறிவோம். 'தலையின் இழிந்த மயிர்' என்று குறளே சொல்கிறது. ஆனால் சவுரி உண்டே! மலையாளத்தில் திருப்பன் என்பார்கள். உதிர்ந்த முடியைச் சேர்த்துக் கட்டுவது. சவுரியின் மற்றொரு வடிவமான சவரி என்பது முதலில் இமயமலைக் கவரிமாட்டின் வால்மயிர், சாமரம் செய்தது அதில்தான். அந்தப் பெயர் அப்புறம் பெண்கள் வைத்துப் பின்னும் முடிக்கும் வந்தது.

எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் ஆச்சியின் சவுரி இருக்கிறது. நுனியில் கறுப்பு நூல் சுற்றியது, நடுநடுவே பழுப்பு இழை. மார்த்தாண்டத்திலிருந்து வந்த அன்று ராத்திரி அம்மாவிடம் கேட்டு ஒரு சீட்டில் எழுதினேன்: 'ஆச்சியின் தலையில் உதிர்ந்தது. ஆச்சியே சேர்த்துக் கட்டுவித்தது. அம்மா கல்யாணத்தில் வைத்தது, பிறகு அக்கா கல்யாணத்தில். இப்போது அம்மாவிடம்.' அம்மா வாசித்துவிட்டு, "நடுவில ரெண்டு வருஷம் சித்திக்கிட்ட இருந்துது, அதையும் எழுது" என்றாள். எழுதினேன்.