கடைசி வயலிலிருந்து துருசுக்கு ஒரு சேதி: கஞ்சா மூளையில் என்ன செய்கிறது?

சென்ற மாதம் கிளிநொச்சியில் உயர்தர வகுப்புக்கு நரம்பிணைப்புப் பாடம் நடத்தி முடித்ததும் ஒரு மாணவி மேசையருகே வந்து நின்றாள். "ரீச்சர், என் மாமா ரொறன்ரோவில் இருக்கிறார். அங்கே கஞ்சாவைக் கடையில் வைத்து விற்கிறார்களாம். இங்கே முல்லைத்தீவுக் கரையில் கேரளக் கஞ்சாப் பொதியோடு பிடிபட்டால் மறியல். இலை ஒன்றுதானே?" என்றாள். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கேட்டதற்கு அன்று கொடுத்த ஐந்து நிமிட விடை போதாது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

சட்டத்தின் கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். இலங்கையில் கஞ்சாவைத் தடுப்பது 1929 ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டம். ஆயுர்வேத மருந்து தயாரிப்புக்கு மட்டும் அனுமதியோடு ஒரு வழி இருக்கிறது. உலக நாடுகளைக் கட்டுப்படுத்தியது 1961 ஆம் ஆண்டின் ஐ.நா. போதைப்பொருள் உடன்படிக்கை. அதில் ஹெரோயினோடு சேர்த்து மிகக் கடுமையான பட்டியலில் கஞ்சா இருந்தது. 2020 டிசெம்பர் 2 அன்று 27க்கு 25 என்ற வாக்கில் அந்தப் பட்டியலிலிருந்து அதை எடுத்தார்கள். கட்டுப்பாடு முழுவதும் நீங்கிவிடவில்லை. உருகுவே 2013 இல் சட்டபூர்வமாக்கியது. கனடா 2018 ஒக்டோபர் 17 இல். தாய்லாந்து 2022 இல் கதவைத் திறந்துவிட்டு, 2025 இல் மருத்துவரின் சீட்டு வேண்டும் என்று பாதி சாத்தியது. போர்த்துக்கல் 2001 இலேயே வேறு பாதையில் போனது. அங்கே சொந்தப் பாவனைக்குச் சிறிதளவு வைத்திருப்பவரைச் சிறைக்கு அனுப்புவதில்லை. மருத்துவரும் சமூகப் பணியாளரும் இருக்கும் ஒரு குழுவின் முன் நிறுத்துகிறார்கள்.

இனி மூளைக்கு வருவோம். இரு நரம்புக் கலங்கள் சிறு இடைவெளி விட்டுச் சந்திக்கும் இடம்தான் நரம்பிணைப்பு. பாடப்புத்தகத்தில் அது ஒருவழிப் பாதை. முதல் நரம்புக் கலம் வேதிப்பொருளைச் சுரக்கிறது, அடுத்த கலத்தின் வாங்கிகள் அதைப் பிடிக்கின்றன. பரீட்சைக்கு இது போதும். மூளைக்குப் போதாது.

இரணைமடுக் குளத்தின் துருசை, அதாவது மதகைத் திறந்தால் தண்ணீர் வாய்க்கால் வழியே வயலுக்குப் போகிறது. வயலிலிருந்து தண்ணீர் துருசுக்குத் திரும்பி ஏறுவதில்லை. ஆனால் சிறுபோகத்தில் வயல் நிறைந்து வரம்பு உடையும் நிலை வந்தால் வயல்காரர் என்ன செய்வார்? துருசில் நிற்பவருக்கு உடனே போன் எடுப்பார்: "போதும், கொஞ்சம் இறக்குங்கள்." தண்ணீர் போகும் திசைக்கு எதிர்த்திசையில் சேதி போகிறது. மூளையிலும் அப்படியே நடக்கிறது. சேதி பெறும் கலம் அளவுக்கு மீறித் தூண்டப்பட்டால் அதற்குள் கல்சியம் பாய்கிறது. உடனே அந்தக் கலம் தன் சொந்த மென்சவ்வின் கொழுப்பிலிருந்தே ஒரு மூலக்கூறைச் செய்கிறது. முன்கூட்டியே செய்து சேமித்து வைப்பதில்லை, வேண்டிய நேரத்தில் வேண்டிய இடத்தில் மட்டும் செய்கிறது. அது இடைவெளியைப் பின்னோக்கிக் கடந்து, அனுப்பும் கலத்தின் முனையிலுள்ள சிபி1 என்ற வாங்கியில் போய் அமர்கிறது. துருசு இறங்குகிறது. சில விநாடிகளில் ஒரு நொதியம் வந்து அந்தச் சேதியைச் சிதைத்துவிடும். இந்தப் பின்னோக்கிய சேதியை 2001 இல் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் தனித்தனியாக இயங்கிய ஆய்வுக்குழுக்கள் கண்டுபிடித்தன. இருபது வருடமாகக் கற்பிக்கிறேன், இந்த இடத்துக்கு வரும்போது இன்றும் எனக்கு உடல் சிலிர்க்கிறது.

இந்த அமைப்பு கண்ணில் பட்டதே கஞ்சாவால்தான். 1964 இல் இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலமும் யெகியேல் கயோனியும் கஞ்சாவின் போதைப் பொருளான டி.எச்.சி.யைப் பிரித்தெடுத்தார்கள். 1988 இல் அது அமரும் வாங்கி அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. செடிக்காகவா மூளை வாங்கி வைத்திருக்கும்? உடலே செய்யும் ஒன்று இருந்தாக வேண்டும் என்று தேடினார்கள். 1992 இல் பன்றி மூளையில் அகப்பட்டது. அதற்கு இட்ட பெயர் ஆனந்தமைட். நமக்கு விளக்கம் தேவையில்லாத 'ஆனந்தம்' என்ற வடசொல்தான் அதன் வேர். துருசுக்குப் போகும் சேதியை முக்கியமாகக் கொண்டுபோவது 1995 இல் கண்ட அதன் உறவு மூலக்கூறான 2-ஏ.ஜி.

கஞ்சா புகைப்பவரின் மூளையில் டி.எச்.சி. இதே வாங்கிகளில் அமர்கிறது. ஆனால் எந்த வயல் நிறைந்தது, எது காய்கிறது என்று அதற்குத் தெரியாது. எல்லாத் துருசுக்கும் ஒரே நேரத்தில் போன் போகிறது. நினைவைப் பதியும் இடத்தில் இறங்கினால் சற்றுமுன் சொன்னது மறக்கிறது. சிறுமூளையில் இறங்கினால் நடை தடுமாறுகிறது. மூச்சை நடத்தும் மூளைத்தண்டில் இந்த வாங்கிகள் மிகக் குறைவு. ஹெரோயின் அளவு மீறினால் மூச்சு நின்று போவதும் கஞ்சாவில் அது நடக்காததும் இதனால்தான். இரண்டையும் ஒரே தட்டில் வைத்த 1961 பட்டியல் இந்த வேறுபாட்டைப் பார்க்கவில்லை.

போன் ஓயாமல் அடித்துக்கொண்டே இருந்தால் துருசில் நிற்பவர் எடுக்காமல் விட்டுவிடுவார். நாள்தோறும் புகைப்பவர்களின் மூளையைப் படம்பிடித்த 2012 ஆய்வில் சிபி1 வாங்கிகள் மூளையின் மேலடுக்கான புறணியில் குறைந்திருந்தன. நிறுத்தி ஏறக்குறைய நான்கு வாரத்தில் அவை மீண்டன.

இதை வன்னியில் இருந்துகொண்டு படிக்கும்போது எனக்கு வேறொரு ஆய்வு நினைவில் நிற்கிறது. எலிகளுக்கு ஓர் ஒலியைக் கேட்கச் செய்து பாதத்தில் மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். பிறகு ஒலியை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கச் செய்தார்கள். சாதாரண எலி மெல்ல மெல்லப் பயத்தை விட்டது. சிபி1 வாங்கி இல்லாமல் பிறந்த எலி உறைந்தபடியே இருந்தது. 2002 இல் வெளிவந்த முடிவு இது. ஆபத்து நீங்கிவிட்டது என்று மூளை கற்றுக்கொள்ள இந்தச் சேதி வேண்டும் என்பது அதன் பொருள். எங்கள் ஒழுங்கையில் ஓர் அம்மா இருக்கிறார். கலியாண வீட்டில் சீனவெடி கொளுத்தினால் பரிமாறிக்கொண்டிருக்கும் கரண்டியோடு அப்படியே நிற்பார். பிறகு மேசைக்கடியில் பிள்ளைகளைத் தேடுவார். பிள்ளைகள் இப்போது வளர்ந்துவிட்டார்கள். 2009 இறுதிப் போரின் ஒலி அவருக்குள் இன்னும் ஓயவில்லை. அப்படியானால் கஞ்சா அவருக்கு மருந்தா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. எல்லாத் துருசையும் ஒன்றாக இறக்குவது மருந்தாகிவிடாது. சிலருக்கு அது பயத்தைக் கூட்டவும் செய்யும்.

இளவயதினருக்கு ஆபத்து இன்னும் பெரிது. 1987 இல் வெளியான சுவீடன் ஆய்வு, படையில் சேர்க்கப்பட்ட 45,570 இளைஞர்களைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்தது. ஐம்பது தடவைக்கு மேல் கஞ்சா பாவித்தவர்களுக்கு உளச்சிதைவு நோய் ஏறக்குறைய ஆறு மடங்கு வந்திருந்தது. வேறு காரணங்களைக் கழித்துப் பார்த்தால் அந்த மடங்கு குறைகிறது, காரணம் எது விளைவு எது என்ற வாதமும் தொடர்கிறது. ஆனால் வளரும் மூளையில் இந்த விளையாட்டு வேண்டாம் என்பதில் எனக்கு ஐயமில்லை. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பத்தொன்பது வயதுப் பையன் கஞ்சாப் பழக்கத்தின் பின் தனியே பேசத் தொடங்கினான். முனி அடித்துவிட்டது என்று நூல் கட்டினார்கள், கழிப்புக் கழித்தார்கள், சேவல் அறுத்தார்கள். உளநல மருத்துவரிடம் வந்து சேர மூன்று மாதம் போயிற்று. அந்த மூன்று மாதத்தை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. சிவமூலி, ஆண்டவனே தந்த மூலிகை, தீங்கில்லை என்று அவனுக்குப் பழக்கிவிட்டவர்கள் மீதும் அதே கோபம்தான்.

ஆகவே அந்த மாணவிக்கு என் விடை இது. கனடாவைப் போலக் கடை திறப்பதை இங்கே நான் விரும்பவில்லை. கள்ளச்சாராயமான கசிப்பே எத்தனை குடும்பங்களைத் தின்றது என்று பார்த்தவள் நான். அதேவேளை சட்டைப்பையில் ஒரு கஞ்சாச் சுருட்டோடு பிடிபட்ட பையனை மறியலுக்கு அனுப்புவதால் அவன் மூளையில் ஒரு வாங்கிகூட மீளப்போவதில்லை. போர்த்துக்கல் காட்டிய வழிதான் எனக்கு நியாயமாகத் தெரிகிறது. கரையில் பொதி இறக்குபவர் மீது சட்டம் இறுகட்டும், பாவிப்பவரை மருத்துவரிடம் அனுப்பட்டும்.

2022 நவம்பரில் இலங்கையின் வரவுசெலவுத் திட்டத்திலேயே ஏற்றுமதிக்குக் கஞ்சா பயிரிடுவதை ஆராயும் யோசனை வந்தது. பேச்சு முழுவதும் டொலரைப் பற்றியே இருக்கிறது. பயிரிட அனுமதி கொடுக்கும்போது அந்தக் கட்டணத்தில் ஒரு பங்கை உளநல ஆய்வுக்கு ஒதுக்கும்படி கேட்கிறேன். பயத்தை மறக்கக் கற்கும் மூளையைப் பற்றிய ஆய்வு எலிக்கூண்டோடு நின்றுவிடாமல் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் வர வேண்டும். வடக்கிலேயே மருத்துவபீடம் இருக்கிறது, கேள்வி கேட்கும் மாணவிகளும் இருக்கிறார்கள்.