மூலையில் போட்ட பெயர் போதாது

சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் படம் எடுக்க, நள்ளிரவுக்கே வைகைக்குள் போய் இடம் பிடிக்க வேண்டும். சில வருடங்களுக்கு முன் அப்படி நின்று எடுத்த ஒரு படம். ஒரு பெரியவர் தோல்பையிலிருந்து பீய்ச்சிய தண்ணீர், அந்தத் துளிகளுக்கு நடுவே தங்கக்குதிரையில் அழகர். வலது மூலையில் என் பெயரைச் சின்னதாகப் போட்டு நண்பர்களுக்கு அனுப்பினேன்.

மார்கழியில் ஒரு கடையில் அதே படம் காலண்டராகத் தொங்கியது. என் பெயர் இருந்த மூலையை வெட்டியிருந்தார்கள். அச்சகத்தில் போய்க் கேட்டேன். "நெட்ல இருந்துச்சுண்ணே, யாரு படம்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார்கள். என்னுடையது என்று காட்ட கையில் எதுவும் இல்லை. இடம் போதவில்லை என்று, கேமரா முதலில் பதிவு செய்த மூலக் கோப்பான ரா ஃபைலை ஏற்கெனவே அழித்திருந்தேன். அந்த வலியில்தான், படம் யாருடையது என்று காட்ட அதில் வைக்கும் குறியான வாட்டர்மார்க்கைப் பற்றி உட்கார்ந்து படித்தேன்.

நம்மூர் சுங்குடிச் சேலையை நினைத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் குத்திய கடை முத்திரையை வெட்டி எடுத்துவிடலாம். முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய புள்ளிகளை அப்படி எடுக்க முடியாது, அவை துணி முழுக்க இருக்கின்றன. மூலையில் போடும் பெயர் அந்த முத்திரை. கண்ணுக்குத் தெரியாத வாட்டர்மார்க்தான் புள்ளி.

அதைப் படத்துக்குள் வைக்கப் பல வழிகள் உண்டு. ஒவ்வொரு பிக்சலின் நிறமும் 0 முதல் 255 வரையான எண்களில் இருக்கிறது. அதில் ஒன்றைக் கூட்டினாலோ குறைத்தாலோ கண்ணுக்குத் தெரியாது. அந்தச் சின்ன மாற்றத்தில் பெயரை ஒளிப்பது எளிது. ஆனால் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினாலே அழிந்துவிடும். காரணம், ஃபைலின் அளவைக் குறைக்கும் ஜேபெக் சுருக்கம். அது படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, கண் கவனிக்காத நுணுக்கங்களைத்தான் முதலில் தூக்கி எறியும். அதனால் நல்ல மென்பொருள்கள் குறியை நடுத்தர அலைவரிசைகளில், அதாவது மிக நுணுக்கமாகவும் இல்லாமல் மிகப் பெரிதாகவும் இல்லாத இடைப்பட்ட விவரங்களில், படம் முழுக்கத் திரும்பத் திரும்பப் பரப்பி வைக்கின்றன. ஓரளவு வெட்டினாலும் மிச்சத்தில் குறி இருக்கும். குறி வைக்கும்போது பயன்படுத்திய ரகசியச் சாவியை, கடவுச்சொல் மாதிரியானதை, வைத்திருப்பவர் அதைப் படித்துக்கொள்ளலாம்.

எந்த மென்பொருளையும் விளம்பரத்தை நம்பி வாங்காதீர்கள். குறி வைத்த படத்தை வாட்ஸ்அப்பில் நாலு கை மாற்றி, கால்வாசி வெட்டி, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, அதற்கப்புறமும் குறியைப் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். நான் அப்படித்தான் தேர்ந்தெடுத்தேன். ஃபிளக்ஸில் அச்சடித்ததை மறுபடி செல்போனில் எடுத்துப் பார்த்தபோது எனக்குக் குறி கிடைக்கவில்லை. அந்த இடத்தில் ரா ஃபைல்தான் துணை. அதை மட்டும் அழிக்கவே அழிக்காதீர்கள்.

இன்னொரு பழக்கமும் உதவும். ஒரே படத்தைப் பல பேருக்குக் கொடுக்கும்போது ஆளுக்கு ஒரு எண்ணைக் குறியாக வைக்கிறேன். போன வருடம் ஒரு ஜல்லிக்கட்டுப் படம் அனுமதியில்லாமல் ஒரு விளம்பரத்தில் வந்தது. குறியைப் படித்தேன், யாருக்குக் கொடுத்த பிரதி என்று தெரிந்தது. அவர்கள் பேசி, பணமும் கொடுத்துவிட்டார்கள். தியேட்டர்களிலும் இதே முறைதான். டிஜிட்டல் திரையிடலில் எந்தத் திரை, என்ன நேரம் என்ற குறி படத்தோடு ஓடுகிறது. திருட்டுத்தனமாகப் பதிவு செய்தால் எங்கே எடுத்தது என்று கண்டுபிடிக்கலாம்.

சட்டமும் துணை நிற்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தம் கொண்டுவந்த 65பி பிரிவின்படி, உரிமையாளர் பற்றிய தகவலை அனுமதியில்லாமல் தெரிந்தே நீக்கினால் 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு.

கல்யாணப் படம் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பணம் வாங்கிக்கொண்டு ஒருவருக்காக எடுத்த படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் பணம் கொடுத்தவர்தான் முதல் உரிமையாளர். 17ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. வாட்டர்மார்க் போட்டுவிட்டதாலேயே அது நம்முடையதாகிவிடாது. உரிமை யாருக்கு, ஸ்டூடியோ பக்கத்தில் படத்தைப் போடலாமா என்பதை முன்பணம் வாங்கும் அன்றே ஒரு தாளில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.